எரியா, ஏரியா? கொள்ளிடக் கரையில் தமிழ் படித்த இத்தாலிய மாணவரின் கதை

உங்கள் போனில் ‘எரி’ என்று டைப் செய்யுங்கள். அடுத்து ‘ஏரி’ என்று டைப் செய்யுங்கள். ஒன்று நெருப்போடு போகிற சொல், இன்னொன்று நீர்நிலை. எழுத்தைப் பார்த்ததுமே எது எது என்று தெரிந்துவிடுகிறது, இல்லையா?

300 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓலைச்சுவடியை எடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. இரண்டு சொல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘கொடை’யும் ‘கோடை’யும் அப்படித்தான். எங்கே குறில், எங்கே நெடில் என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும்.

தமிழைத் தாய்ப்பாலோடு குடித்தவருக்கு அந்த ஊகம் தானாக வந்துவிடும். ஆனால் 30 வயதில், கடல் தாண்டி வந்து, அ, ஆ-விலிருந்து ஆரம்பித்த ஒருவருக்கு? அவருக்கு அது பெரிய தலைவலி. அந்தத் தலைவலிக்கு மருந்து தேடியவர்களில் முக்கியமான பெயர், கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நாம் அவரை அழைக்கும் பெயர் வீரமாமுனிவர்.

பள்ளிப் பாடத்தில் இவரைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் படித்திருப்போம். பிறந்த ஊர், எழுதிய நூல்கள், அவ்வளவுதான். ஆனால் இவர் வாழ்க்கையை ஒரு வெளிநாட்டு மாணவரின் கதையாகப் படித்துப் பார்த்தால் வேறு ஒரு விஷயம் புலப்படும். இவர் தமிழுக்குக் கொடுத்தவற்றில் பல, இவர் தமிழ் படிக்கும்போது தடுக்கி விழுந்த இடங்களிலிருந்து வந்தவை.

யார் இந்த பெஸ்கி?

வடக்கு இத்தாலியில் மாந்துவா நகரத்துக்குப் பக்கத்தில் காஸ்திலியோனே என்று ஓர் ஊர். 1680 நவம்பர் 8-ம் தேதி அங்கே பிறந்தார். கத்தோலிக்கர்கள் இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் பாதுகாவலராகக் கருதும் புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். லத்தீன் மகாகவி வர்ஜில் பிறந்ததும் மாந்துவா பக்கம்தான். உழவைப் பற்றியும் ஒரு காவியம் பாடியவர் அவர்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மாந்துவாவைச் சுற்றியுள்ள போ நதிச் சமவெளி, இத்தாலியின் நெல் விளையும் பூமி. பிற்காலத்தில் காவிரிப் படுகையின் ஓரத்தில் வாழப்போகிறவர், இன்னொரு ஆற்றுச் சமவெளிக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்பினார்.

1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். அந்தச் சபையில் படிப்பு சாதாரண விஷயம் இல்லை. லத்தீன், கிரேக்கம், அணியியல், தத்துவம், இறையியல் என்று வருஷக் கணக்கில் போகும். ராவென்னா, பொலோனியா நகரங்களில் இருந்த பெஸ்கி, 1709-ல் குருவானார். அடுத்த வருஷமே லிஸ்பனில் கப்பல் ஏறி கோவாவுக்கு வந்து சேர்ந்தார். 1711-ல் மதுரை மிஷன்.

வந்த நோக்கத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மதம் பரப்ப வந்தார். தமிழ் அதற்கான கருவி. ஆனால் கருவியாகத் தொட்ட மொழி, பிறகு அவர் கையைவிட்டுப் போகவே இல்லை.

ஒரு வீட்டில் தங்கிப் படிப்பது போல...

இன்றைக்கு இத்தாலிக்குக் கலையும் பண்பாடும் படிக்கப் போகும் மாணவர்கள் சிலர், ஹாஸ்டலுக்குப் பதிலாக அங்கே ஒரு குடும்பத்தோடு தங்குகிறார்கள். வகுப்பில் இலக்கணம் கிடைக்கும். ஆனால் எதைச் சொன்னால் வீட்டுப் பாட்டி சிரிப்பார், எதைச் சொன்னால் முகம் சுளிப்பார் என்பது சமையலறையில்தான் தெரியும். அந்த வீட்டுச் சாப்பாடு, அந்த வீட்டு நேரம், அந்த வீட்டுக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பழக வேண்டும்.

மதுரை மிஷனில் இதற்கு 100 வருஷத்துக்கு முன்பே ஒரு வழி போட்டுவைத்திருந்தார்கள். ராபர்ட் டி நொபிலி என்ற இன்னொரு இத்தாலியர் 1606-ல் மதுரைக்கு வந்தார். ஐரோப்பியர்களை ஊர் மக்கள் பரங்கி என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லில் மரியாதை இல்லை. மாட்டுக்கறி, மது, கால் செருப்பு, பழக்கவழக்கம் எல்லாம் சேர்த்துச் சொல்லும் வசை அது. நொபிலி அதையெல்லாம் விட்டார். காவி உடுத்தினார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழும் சம்ஸ்கிருதமும் படித்தார்.

பெஸ்கி அதே வழியில் நடந்தார். சந்நியாசி உடை, சைவச் சாப்பாடு. பெயரையும் மாற்றிக்கொண்டார். கான்ஸ்டன்டைன் என்ற பெயரில் உறுதி என்ற பொருள் இருக்கிறது. அதைத் தமிழில் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னால் வந்து நிலைத்த பெயர். புதுச்சேரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை 1822-ல் தமிழில் இவர் சரித்திரத்தை எழுதினார். இவருடைய உடை, நடை, பரிவாரம் பற்றி நமக்குத் தெரிந்த பல செய்திகள் அதில் இருந்து வந்தவை. பெஸ்கி இறந்து 75 வருஷம் கழித்து எழுதியது என்பதால், அதில் நடந்ததும் இருக்கும், ஊர் வாய்க்கதையும் இருக்கும்.

உடையை ஒரே நாளில் மாற்றலாம். நாக்கை மாற்ற முடியுமா? அதற்கு ஆசிரியர் வேண்டும். இவருக்குப் பாடம் சொன்னவராக மரபு குறிப்பிடும் பெயர் சுப்பிரதீபக் கவிராயர். கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது பாடியவர். சிருங்காரச் சுவை சொட்டும் பிரபந்தம் அது. அதைப் பாடிய புலவரிடம் ஒரு துறவி பாடம் கேட்டார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்குத் தமிழ் வேண்டும் என்றால் புலவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போக வேண்டும்.

ஏன் கொள்ளிடத்தின் வடகரை?

ஆரம்ப வருஷங்கள் தெற்கே. கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி, அதைச் சுற்றிய ஊர்கள். அந்தக் காலத்தில் ஒருமுறை கைதாகி, உயிருக்கே ஆபத்து வந்து தப்பினார். பிறகு வடக்கே வந்தார்.

அப்போது தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராட்டியர்கள். சாகஜி மன்னர் காலத்தில், 1701 வாக்கில், தஞ்சை ராஜ்யத்துக் கிறிஸ்தவர்கள் மீது கடுமையான அடக்குமுறை நடந்தது. வீடு வாசல் இழந்து பலர் ஆற்றைத் தாண்டினார்கள்.

இங்கே நம்ம ஊர் பூகோளத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. தெற்கே காவிரியும் அதன் கிளைகளும் பாயும் நெல் வயல்கள். அது தஞ்சை மன்னரின் கை. கொள்ளிடத்தைத் தாண்டி வடகரைக்குப் போனால் அரியலூர் மழவராயர்களின் பாளையம். மன்னர் துரத்தினால் பாளையக்காரரிடம் தஞ்சம். ஓர் ஆறு இரண்டு அதிகாரங்களைப் பிரித்தது.

அந்த வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சிதான் பெஸ்கியின் முக்கியத் தளம். அதற்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். காவல் தரும் ஊர். அங்குள்ள மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். ஓடி வந்தவர்களின் கதை அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டி ஆறியதால் அவர் நிலம் கொடுத்தார் என்று ஊரில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள்.

விருத்தாசலம் பக்கம் கோனான்குப்பத்தில் இவர் எழுப்பிய கோயிலில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்கும் அதே பெயர்தான். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் உள்ள பூண்டி மாதா கோயிலின் தொடக்கத்தையும் மரபு இவரோடு இணைக்கிறது.

முதல் சிக்கல்: எந்தத் தமிழ்?

தமிழ் படிக்க வரும் எந்த வெளிநாட்டவரையும் கேளுங்கள். முதல் புகார் ஒன்றுதான். புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று படித்துவிட்டு டீக்கடைக்கு வந்தால் ‘வந்துட்டிருக்காங்க’ என்கிறார்கள். இதில் எதைப் படிப்பது?

நாம் இதைக் கவனிப்பதுகூட இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு தமிழ், ஆபீஸ் லெட்டரில் இன்னொரு தமிழ். மாறிக்கொண்டே இருக்கிறோம். வெளியே இருந்து வருகிறவருக்கு இவை இரண்டு மொழி மாதிரி.

அன்றைய தமிழ் இலக்கண நூல்கள் செய்யுளின் தமிழைத்தான் பேசின. ஐரோப்பியப் பாதிரியார்களில் சிலர் பேச்சுத் தமிழுக்குக் குறிப்புகள் எழுதியிருந்தார்கள். பெஸ்கி செய்தது வேறு. பிரச்சினையை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார். 1728-ல் கொடுந்தமிழ் இலக்கணம், அதாவது அன்றாடப் புழக்கத்தில் உள்ள தமிழுக்கு. 1730-ல் செந்தமிழ் இலக்கணம், அதாவது இலக்கியத் தமிழுக்கு. இரண்டும் லத்தீனில். தன்னைப் போல் பின்னால் வந்து இறங்கப்போகும் மாணவர்களுக்காக எழுதியவை.

தமிழ் அறிஞர்களுக்காகத் தமிழிலேயே எழுதியது தொன்னூல் விளக்கம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்து இலக்கணத்தையும் ஒரே நூலில் அடக்கினார். படித்ததைச் சுருக்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் நல்ல மாணவனின் நோட்டு மாதிரி.

இரண்டாவது சிக்கல்: புள்ளியைக் காணோம்

இப்போது ‘எரி’க்கும் ‘ஏரி’க்கும் திரும்புவோம்.

எ, ஒ ஆகிய குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். விதி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எழுதும் பொருள் பனை ஓலை, எழுதுகோல் இரும்பு எழுத்தாணி. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். குறிலும் நெடிலும் ஒன்றாகிப் போயின.

பெஸ்கி புள்ளியை நம்பவில்லை. எழுத்தின் வடிவத்தையே மாற்றினார். புள்ளியில்லாத எ, ஒ ஆகியவற்றைக் குறிலுக்கு வைத்துக்கொண்டு, நெடிலுக்கு அடையாளம் சேர்த்தார். எ-வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ-வுக்குக் கீழே ஒரு சுழி போட்டால் ஓ. கெ-யின் கொம்பை மேலே சுழித்தால் கே. ஓலை கிழியாது, குழப்பமும் வராது.

இது ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவிவிடவில்லை. அதற்குப் பிறகும் பல காலம் பழைய முறையிலேயே எழுதினார்கள். அச்சு பரவிய 19-ம் நூற்றாண்டில்தான் புது வடிவம் நிலைத்தது. இன்று உங்கள் கீபோர்டில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தனித்தனிப் பொத்தான்களாக இருக்கின்றன.

உள்ளூர்ப் புலவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பாட்டு முழுக்க மனப்பாடமாக இருக்கும்போது ஓலை வெறும் ஞாபகக் குறிப்பு. எழுத்தை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டியவருக்குத்தான் எழுத்தில் உள்ள ஓட்டை தெரியும்.

மூன்றாவது சிக்கல்: சொல்லை எங்கே தேடுவது?

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. என்ன செய்வோம்? போனில் தேடுவோம். அன்றைக்கு நிகண்டு இருந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி. எல்லாம் செய்யுள் வடிவம். தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று தொகுதி தொகுதியாக இருக்கும். சின்ன வயதிலேயே திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டால் சொல் தானாக நாக்கில் வரும். 30 வயதில் ஆரம்பித்தவர் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லின் பொருள் தெரிந்தால்தானே அது எந்தத் தொகுதியில் இருக்கும் என்றே தெரியும்?

அகர வரிசை யோசனை தமிழுக்குப் புதிதில்லை. சிதம்பர ரேவண சித்தர் 1594-லேயே முதல் எழுத்தை வைத்துச் சொற்களை வரிசைப்படுத்தி அகராதி நிகண்டு செய்தார். அதுவும் செய்யுள்தான். பெஸ்கி 1732-ல் செய்த சதுரகராதி செய்யுளை விட்டு வெளியே வந்தது. முதல் எழுத்தோடு நிற்காமல் அகர வரிசையை உள்ளேயும் கொண்டுபோனது.

பெயரே சொல்வதுபோல் நான்கு பகுதிகள். பெயர் பகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்கள். பொருள் பகுதியில் ஒரு பொருளுக்குள்ள பல சொற்கள். தொகைப் பகுதியில் முக்கனி, ஐம்புலன் மாதிரி எண்ணோடு வரும் தொகுப்புகள். தொடைப் பகுதியில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு எதுகைச் சொற்கள். மனப்பாடம் இல்லாதவரும் திறந்து, தேடி, கண்டுபிடிக்கலாம். தமிழ் அகராதிகளின் தந்தை என்று இவரைச் சொல்வது இதனால்தான்.

யூதேயா நாட்டில் மருத வயல்

இதுவரை சொன்னவை எல்லாம் கருவிகள். ஒரு பண்பாட்டை நிஜமாகவே படித்தோமா என்பதற்குக் கடைசிப் பரீட்சை, அதற்குள் இருந்து ஒன்றைப் படைக்க முடிகிறதா என்பது. பெஸ்கி அந்தப் பரீட்சையையும் எழுதினார். தமிழ் மண்ணில் கால் வைத்து 15 வருஷம் கழித்து, 1726-ல், தேம்பாவணி. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள்.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான் காப்பியத் தலைவன். ஆனால் நூலுக்குள் சூசை என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். எபிரேய மூலத்தில் யோசேப்பு என்ற பெயருக்குப் பெருகுவது, கூடுவது என்ற பொருள் உண்டு. அதனால் அவன் பெயர் வளன். யோவான் என்ற பெயருக்குக் கடவுளின் அருள் என்ற பொருள். அதனால் அவன் கருணையன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு, தாயை இழந்து காட்டில் அழும் கருணையன் ஞாபகம் இருக்கலாம்.

தமிழ்க் காப்பியம் என்றால் நாட்டு வளம், நகர வளம் பாடியாக வேண்டும். மேகம் கடலில் நீர் முகந்து மலையில் பொழியும், அருவி ஆறாகும், ஆறு வயலில் பாயும், நெல் விளையும். சிந்தாமணியும் கம்பராமாயணமும் போட்ட பாதை. பெஸ்கி அந்தப் பாதையில் யூதேயாவை நடத்தினார். கல்லும் வறண்ட மலையும் நிறைந்த அந்த நாட்டில் வெள்ளம் பாய்கிறது, மருத வயல் செழிக்கிறது.

இது பிழையா? வரைபடத்தை வைத்துப் பார்த்தால் பிழை. ஆனால் கேட்கிறவர்கள் யார் என்று பாருங்கள். ஆற்றுப் பாசனத்தில் வாழும் ஜனங்கள். அவர்களுக்கு நல்ல நாடு என்றால் தண்ணீர் பாயும் நாடு. கம்பர் கோசலத்துக்குச் செய்ததும் அதுதான்.

‘பரங்கி எழுதியிருக்க முடியுமா?’

தேம்பாவணி பெஸ்கியின் படைப்பே இல்லை, ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயர்தான் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. மற்ற நூல்களில் தெரியும் யாப்பறிவும் சொல்வளமும் அவர் கைத்திறனுக்குச் சாட்சி என்பது அவர்கள் வாதம்.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. வெளியே இருந்து வந்தவர் எவ்வளவு படித்தாலும், அந்த மொழி அவருடையது ஆகுமா? வெளிநாட்டில் பல வருஷம் வேலை செய்து, அந்த ஊர் மொழியைச் சுத்தமாகப் பேசிய பிறகும், நீங்க எந்த ஊரு என்று கேட்கப்படுகிற நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வியின் குத்தல் தெரியும். பெஸ்கியையும் அது விடவில்லை, அவர் செத்த பிறகும் விடவில்லை.

நாணயத்தின் மறுபக்கம்

இவரை வெறும் தமிழ்க் காதலராக மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். பெஸ்கி சண்டைக்காரர். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகளோடு கடும் வாக்குவாதம் நடத்தினார். அவர்களைக் கண்டித்து வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று நூல்களே எழுதினார். உள்ளூர் வழிபாடுகளைப் பற்றிய அவருடைய பார்வையும் ஒரு மிஷனரியின் பார்வைதான். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும். காமத்துப்பாலைத் தொடவில்லை. துறவிக்கு அது சரிப்படவில்லை. விறலிவிடு தூது பாடிய புலவரிடம் பாடம் கேட்டவரானாலும், அந்த வாசலோடு நின்றுவிட்டார். தான் எவ்வளவு கற்கலாம் என்பதற்கு அவரே ஒரு வேலி வைத்திருந்தார்.

ஆனால் அந்தத் தரங்கம்பாடிச் சண்டைக்கு ஒரு ருசியான முடிவு உண்டு. பெஸ்கியிடம் அச்சகம் இல்லை. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகம்தான். எதிராளி எழுதியதாக இருந்தாலும், தமிழ் படிக்க அதைவிட நல்ல புத்தகம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தன்னை எண்ண மறந்த சீடர்கள்

பெஸ்கி என்றால் குழந்தைகளுக்குத் தெரிந்தது பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பார்கள். ஆற்றைத் தாண்டியதும் எல்லோரும் பத்திரமா என்று எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஒரு ஆள் குறைகிறது என்று கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள்.

இந்த மாதிரி முட்டாள் கதைகள் ஐரோப்பாவிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. பெஸ்கி எழுதியது காப்பியத் தமிழில் இல்லை. எளிமையான, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் உரைநடை. தமிழ்ப் புனைகதை உரைநடையின் ஆரம்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சின்ன நூலைத் தாண்டிப் போக முடியாது. 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். அங்கே அது தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பாடப் புத்தகமாகப் பயன்பட்டது. மறுபடியும் ஒரு மாணவரின் நூல், மாணவர்களின் கைக்கே போனது.

கடைசி நாட்கள்

1730-களின் பிற்பகுதியில் திருச்சி, சந்தா சாகிப் கைக்கு வந்தது. பெஸ்கி அவரைச் சந்தித்து மதிப்பைப் பெற்றார், அதற்காகவே பாரசீக மொழியும் உருதுவும் படித்தார், திவான் பதவிகூடக் கிடைத்தது என்று மரபுச் சரித்திரம் சொல்கிறது. திவான் பதவி எவ்வளவு உண்மை என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. 1741-ல் மராட்டியப் படை திருச்சியைப் பிடித்து சந்தா சாகிப்பைச் சிறைப்படுத்தியது. ஆதரவு போனது. பெஸ்கி காவிரிக் கரையை விட்டுத் தெற்கே போனார்.

1747-ல் இறந்தார். வயது 66. இறந்த இடம் மணப்பாடு என்று ஒரு சாராரும், கேரளத்தின் அம்பழக்காடு என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். காஸ்திலியோனேவுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. இத்தாலியில் வாழ்ந்ததைவிட இங்கே வாழ்ந்த வருஷங்கள்தான் அதிகம்.

இன்று அங்கே போனால்...

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக அரியலூர் போகும் சாலையில் பஸ் ஏறுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாக வரும். கடைசியில் கொள்ளிடம். கோடையில் மணல் மட்டும்தான் தெரியும், வெள்ளக் காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அதைத் தாண்டினால் திருமானூர். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ஏலாக்குறிச்சி, அடைக்கல மாதா கோயில்.

சென்னையில் இருப்பவர்கள் மெரினாவுக்குப் போனால் போதும். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் வைத்த சிலைகளில் இவரும் ஒருவர். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. புது ஊரில் எல்லோருக்கும் சுலபமாக இருப்பது நமக்கு மட்டும் கஷ்டமாக இருந்தால் வெட்கமாக இருக்கும். நமக்குத்தான் மூளை போதவில்லை என்று தோன்றும். ஓலையில் ‘எரி’யா ‘ஏரி’யா என்று தெரியாமல் திணறிய அந்த 30 வயது மாணவருக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் அங்கே குறை அவரிடம் மட்டும் இல்லை, எழுத்திலும் இருந்தது. அதைச் சரிசெய்தபோது பலன் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. தமிழைத் தாய்ப்பாலோடு குடித்த நமக்கும் கிடைத்தது.

அடுத்த முறை யாருக்காவது ‘ஏரிக்கரைக்கு வா’ என்று மெசேஜ் அனுப்பும்போது, அந்த ஏ-யின் கீழே இருக்கும் சின்னக் கோட்டை ஒருமுறை பாருங்கள்.